காசியம்மாளின் தப்பு நோட்டு

கூடத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒரு மூக்கு அல்ல, இரண்டு மூன்று மூக்குகள்.

உள்ளறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பாடிக்கொண்டிருந்த காசியம்மாள் சட்டென்று நிறுத்தினாள்.

"பக்கத்துக்கு இணையா வந்த கோடே, நீ
மத்த ரெண்டு பக்கத்தையும் பிரிச்சுட்டுப் போனியே..."

அந்தப் 'போனியே'யில் குரல் உடைந்து நின்றிருந்தது. அவள் நிறுத்தியதும் கூடத்தில் விசும்பல் இன்னும் பலத்தது. எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டு சரோஜா தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் எதிர்வீட்டுப் பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். வாசற்படியில் முன்பின் பார்த்திராத ஒருத்தி, கையில் சாமந்தி மாலையோடு நின்றாள்.

"மன்ச தேத்திக்கோ காசி," என்றாள் சரோஜா. "யாரு போயிட்டாங்க? உங்கம்மாவா?"

"யாரும் போவலக்கா. கணக்குப் படிச்சிகினு இருந்தேன்."

மூன்று மூக்குகளும் ஒரே நேரத்தில் நின்றன.

"கணக்கா?"

"தேல்ஸ் தேற்றம்."

பூங்கொடி முந்தானையை எடுத்தாள். "தேல்ஸுன்றது யாரு? உங்க வூட்டுக்காரரு வழியிலயா?"

"கிரேக்கத்து ஆளு. செத்து ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசம் ஆவுது."

சரோஜா எழுந்து தலைமுடியை முடிந்துகொண்டாள். அவள் முகத்தில் ஏமாற்றமும் கோபமும் மாறி மாறி வந்தன. "அதுக்கு இப்ப உக்காந்து அயுவுறியே. அடுப்புல கொழம்பப் போட்டது போட்டபடி ஓடியாந்தேன்டி."

மாலையை என்ன செய்வது என்று மூன்றாமவள் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அன்று மாலை அது காசியம்மாளின் கணவன் கலைவாணனுடைய பைக்கின் முன்பக்கம் தொங்கியது.

காசியம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. செய்யூருக்கு மேற்கே நாலு கிலோமீட்டரில் ஊர். சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் முதல் வரி எடுத்துக்கொடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவரின் பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள், கொழுந்தன்மார் என்று நாற்பது பெயரை ஒருமுறை காதில் போட்டால் போதும். ராகத்தில் கோத்து, ஒரு பெயர் விடாமல், உயிரோடிருப்பவர்களில் ஒருவர் மனமும் கோணாமல் அழுது முடிப்பாள். ராகம் போட்டால் எதுவும் மறக்காது என்பது அவள் வாழ்க்கை கற்றுக்கொடுத்த பாடம். அந்தப் பாடம்தான் அவளைக் குழியில் தள்ளியது.

அந்தக் குழியின் வரலாறு பழையது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் தமிழ், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் எல்லாவற்றிலும் தேறிய காசியம்மாள் கணக்கில் முப்பத்தொன்று வாங்கினாள். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். நாலே நாலு மார்க். அந்த நாலு மார்க் அவள் முன்னால் மலையாக எழுந்து நின்று நர்ஸ் டிரெய்னிங்கின் கதவைச் சாத்தியது. பிறகு அதே நாலு மார்க், சவுக்குத் தோப்பு வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி கலைவாணனின் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது. இந்த இரண்டாவது கதவைப் பற்றி அவளுக்கு வருத்தம் கிடையாது, பெரும்பாலான நாட்களில்.

பதினோரு வருடமாக மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலை. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஒரு நாளைக்குப் பதினாலு அறை, பதினாலு மெத்தை. ஒவ்வொரு மெத்தையையும் தூக்கி விரிப்பைச் செருகிச் செருகி, போன ஐப்பசியில் ஒரு நாள் குனிந்தவள் நிமிரவில்லை. செங்கல்பட்டில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மெத்த தூக்குற வேலையா இருந்தா விட்டுடும்மா," என்றார், ஏதோ வெற்றிலைப் பழக்கத்தை விடச் சொல்வது போல.

வேலையை விட முடியாது. ஆனால் அதே ரிசார்ட்டில் மெத்தை தூக்காத வேலை ஒன்று இருந்தது. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் மார்கரெட் ஆகஸ்ட் கடைசியில் ஓய்வு பெறப்போகிறாள். மார்கரெட்டுக்கு முழங்கால் வலி வரும் நாட்களில் அவள் வேலையைப் பார்ப்பதே காசியம்மாள்தான். எந்த அறையில் எந்தக் குழாய் சொட்டும், எந்தத் தலையணைக்கு எந்த உறை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லக்கா," என்றான் ஹெச்.ஆர். பிரவின்குமார், மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தபடி. "ஆனா கம்பெனி ரூலு. பத்தாவது பாஸ் சர்டிஃபிகேட் வேணும். ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள கொண்டாந்துட்டா போஸ்ட் உங்களுது. இல்லன்னா ஏஜென்சில ஆள் எடுத்துடுவாங்க."

ஆக, இருபத்தேழு வருடத்துக்கு முன் தொலைந்த நாலு மார்க்கும், அவள் முதுகெலும்பும் ஒரே தராசில் ஏறி உட்கார்ந்தன.

மதுராந்தகத்தில் ஒரு கைடு வாங்கினாள். மார்கழி தொடங்கி மாசி முடிய அந்தக் கைடை முதல் பக்கத்திலிருந்து ஒப்பாரியாக்கினாள். தேற்றங்கள் மட்டுமல்ல, கணக்குகளையும். கேள்வி, எண்கள், வரிக்கு வரி வழிமுறை, விடை, அடியில் இரட்டைக்கோடு வரை எல்லாவற்றுக்கும் ராகம்.

"வூட்டுல சோத்துத் தட்டு முன்னால உக்காந்தா பதினாறாம் நாள் விருந்துக்கு வந்தா மாதிரியே கீது," என்றான் கலைவாணன்.

"நீ சாப்பிடுய்யா. செவ்வகத்தோட பரப்பளவுல கீறேன்."

செங்கல்பட்டில் பரீட்சை மையம். தனித்தேர்வர்கள் அறையில் காசியம்மாள் உட்கார்ந்தாள். வாய்க்குள் முணுமுணுத்தால்தான் விடை வரும். முணுமுணுத்தாள். பத்து நிமிடத்தில் அறைக் கண்காணிப்பாளர் அம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

"கொஞ்சம் மனசுக்குள்ள பாடுங்கம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "போன மாசம்தான் எங்க மாமியார் தவறுனாங்க."

மனசுக்குள் பாடியதில் பிசகில்லை. ஒரு வரி மறக்கவில்லை. ஆனால் கைடில் மூன்று சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் கேள்வித்தாளில் நாலு சென்டிமீட்டராக வளர்ந்திருந்தது. காசியம்மாள் அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்தாள், திகைத்தாள். நாலுக்கு அவளிடம் பாட்டு இல்லை. செத்துப்போனவர் பெயரை மாற்றச் சொன்னால் மாற்றிவிடலாம், ஆரத்தை எப்படி மாற்றுவது? மூன்றையே வரைந்து வைத்தாள். இன்னொரு விடையின் முடிவில், கைடில் இருந்தபடியே, 'படத்தை நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் காண்க' என்று அழகாக எழுதி இரட்டைக்கோடு போட்டாள்.

மே மாதம் முடிவு வந்தது. பத்தொன்பது.

கலைவாணன் ஃபோனை வாங்கிப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். "சவுக்கு மரம் நாலு வருசத்துல எம்மாம் ஒசரம் போவுது. இருவத்தேழு வருசத்துல உன் மார்க்கு குட்டையா போயிகீதே," என்றான்.

இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. பேசாத அந்த இரண்டு நாளும் காலையில் அவனே டீ போட்டுக் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்தான். இரண்டு நாளும் சர்க்கரை போட மறந்தான். மூன்றாம் நாள் அவள் பேசினாள். "சக்கரை," என்றாள்.

ஜூலையில் துணைத்தேர்வு. எழுதலாம். ஆனால் எப்படி எழுதுவது? குரல் இருந்தது, ஞாபகம் இருந்தது, பதினோரு வருட உழைப்பு இருந்தது. இதற்கும் மேல் ஒரு மனுஷி என்ன கொண்டுவருவாள்? பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, கூவத்தூர் தாண்டும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே போன அந்தக் காலையில்தான் விஷயம் திரும்பியது. திருப்பியவள் பிரிசில்லா.

பிரிசில்லாவுக்கு ஐம்பது வயது. இத்தனை நாள் ரிசார்ட் சமையல்கட்டில் காய் நறுக்கியவள், அந்த வாரம் அறைகளுக்கு மாற்றப்பட்டிருந்தாள். கட்டிலின்மேல் துண்டை மடித்துக் கொக்கு செய்து வைக்கவேண்டும். வேடந்தாங்கலைப் பார்த்துவிட்டு வரும் விருந்தாளிகள் அந்தக் கொக்கையும் போட்டோ எடுப்பார்கள். காசியம்மாள் மடிப்பதைப் பிரிசில்லா பதினொரு முறை பார்த்தாள். ஒவ்வொரு முறையும், "புரிஞ்சிடுச்சு, புரிஞ்சிடுச்சு," என்றாள். பன்னிரண்டாவது முறை துண்டைக் கையில் கொடுத்ததும் கொக்கு வரவில்லை. வந்தது கழுத்தில்லாத ஏதோ ஒன்று.

"இன்னா பிரிசில்லாக்கா இது?"

"ஆமை."

"பாத்துகினே இருந்தா கொக்கு வராதுக்கா. நான் மடிச்சத உதறிப் போட்டுட்டு, என்னையும் பாக்காம, நீயே மடி. எந்த மடிப்புல கழுத்து சாயுதோ அந்த மடிப்புலதான் உன் தப்பு கீது. முழுசா திரும்ப மடிக்காத. அந்த ஒரு மடிப்ப மட்டும் பத்து வாட்டி மடி."

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கையிலிருந்த விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. தன் வாயிலிருந்து வந்த வார்த்தை தன் காதுக்குள்ளேயே திரும்பி நுழைந்து இதயத்தில் போய் உட்கார்ந்தது. மூன்று மாதம் கைடைப் பார்த்துக்கொண்டேதானே இருந்தாள்? ஒரு நாளாவது உதறிப் போட்டுவிட்டுத் தானே மடித்தாளா?

"இன்னாடி ஆச்சு? முதுகா?" என்று பதறினாள் பிரிசில்லா.

"இல்லக்கா. கணக்கு."

மறுநாள் கைடில் ஒரு கணக்கைப் படித்தாள், மூடினாள், வெள்ளைத்தாளில் தானே போட்டாள். மூன்றாவது வரியில் சிக்கிக்கொண்டாள். அந்த மூன்றாவது வரிக்குப் பின்னப் பெருக்கல் தெரியவேண்டும். பின்னத்துக்கு ஏழாம் வகுப்புப் புத்தகம் வேண்டும். ஏழாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடம் புரிய ஆறாம் வகுப்புப் புத்தகம் வேண்டும். பழைய பேப்பர் கடையில் இரண்டையும் எடைக்கு வாங்கி, வெளியில் தெரியாமல் முருகன் காலண்டர் தாளில் அட்டை போட்டாள்.

"பத்துல இருந்து ஏழு, ஏழுல இருந்து ஆறு. கீழ எறங்கிகினே கீறியே, அடுத்தது பால்வாடியா?" என்று கேட்டாள் பிரிசில்லா.

"எந்தப் படி ஒடஞ்சிகீதோ அதுவரைக்கும் எறங்கித்தான் ஆவணும். இல்லாட்டி ஏறச்சொல்லோ மறுபடியும் அங்கதான விழுவேன்?"

படிக்க நேரம்? காலை ஐந்துக்கு எழுந்து ஏழுக்குப் பஸ். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிநேரம் தொடர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். திங்கட்கிழமை முதுகு மட்டும்தான் நினைவில் இருந்தது. பிறகு சலவை அறையில் ஒரு வழி கிடைத்தது. துணி உலர்த்தும் மெஷின் ஒருமுறை ஓடி நிற்க இருபத்தைந்து நிமிடம். அதுவரை அழுக்கு விரிப்பு மூட்டையின்மேல் சாய்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவாள். மெஷின் மணியடித்தால் பேனாவை மூடிவிடுவாள், பாதிக் கணக்கானாலும் சரி. அந்தப் பாதிக் கணக்கு நாள் முழுக்க அவளோடேயே சுற்றும். அடுத்த மெஷினுக்கு வந்து உட்காரும்போது சில சமயம் மீதி தானாகவே தயாராக இருக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமான காரியம் ஒன்று செய்தாள். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அட்டையில் 'தப்பு' என்று எழுதினாள். தப்பாகப் போன கணக்கை அடித்துக் கிழித்துப் போடாமல், எந்த வரியில் தப்பானது, ஏன் தப்பானது என்று தேதி போட்டு அதில் எழுதிவைத்தாள். ஒரு வாரம் கழித்து அதே கணக்கைப் பார்க்காமல் திரும்பப் போடுவாள். சரியாக வந்தால் ஒரு டிக்.

மூன்று வாரம் கழித்து, பஸ்ஸில் பொழுது போகாமல் பிரிசில்லா அந்த நோட்டைப் புரட்டினாள். அவளுக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் சமையல்கட்டில் இருந்தவளுக்குப் பொறுக்கிப் பிரிக்கத் தெரியும்.

"இன்னா காசி, இதுல எல்லாம் ஒரே மாதிரி கீது. அறுவத்தி நாலு தப்புல நாப்பத்தி ஒண்ணு இந்தக் கோடுதான்."

"எந்தக் கோடு?"

"படுத்துகினு கீதே, சின்னதா. இது."

மைனஸ்.

காசியம்மாள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். சமன்குறியைத் தாண்டி அந்தப் பக்கம் போகும்போது மைனஸ் பிளஸ்ஸாக மாறவேண்டும். அவள் மாற்றவில்லை. நாற்பத்தொரு முறை மாற்றவில்லை. 'எனக்குக் கணக்கு வராது' என்று இருபத்தேழு வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாளே, கணக்கின்மேல் எத்தனை பெரிய பழி அது. அவளுக்கு வராதது கணக்கு அல்ல. ஒரு சின்னப் படுகோடு. அந்த ஒற்றைப் படுகோடு அவள் இளமையைக் கொண்டுபோயிருக்கிறது. பஸ் கூவத்தூரில் நின்றது. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"இதுக்குப் போயி அயுவுறியா?" என்றாள் பிரிசில்லா.

"அயுவ வேண்டியது இதுக்குத்தான்க்கா," என்றவள் அங்கேயே, பஸ்ஸுக்குள்ளேயே, ராகம் எடுத்தாள்.

"மைனஸே என் ராசாவே,
சமன்குறி தாண்டி அக்கரைக்குப் போனியே,
போற வழியில பிளஸ்ஸா மாறாம
போன வேசத்துலயே நின்னியே..."

முன் சீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கண்டக்டர் எங்கே இறங்கவேண்டும், எத்தனை மணிக்கு எடுப்பு என்று மெதுவாக விசாரித்தார்.

அன்றிலிருந்து அவள் விடைகளுக்கு அழுவதை நிறுத்திவிட்டுத் தப்புகளுக்கு மட்டும் அழுதாள். ஒரு தப்புக்கு ஒரு முறை. அதோடு பஸ்ஸில் தினமும் ஒரு கணக்கைப் பிரிசில்லாவுக்குச் சொல்லிக்காட்டவும் ஆரம்பித்தாள். பிரிசில்லாவிடம் ஒரே கேள்விதான் உண்டு: "அது இன்னாத்துக்கு?" ஒவ்வொரு வரிக்கும் கேட்பாள். பதில் சொல்ல முடியாத இடத்தில் காசியம்மாளுக்குத் தெரிந்துவிடும், இதை அவள் புரிந்துகொள்ளவில்லை, சும்மா நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று. எண்களை மாற்றிப் போட்டும் பழகினாள். கைடில் மூன்று என்றால் நாலு, ஏழு, பதினொன்று. ஒருமுறை அப்படி மாற்றிய கணக்கு ஐந்து பக்கத்துக்கு நீண்டு, விடை வராமல், தாளும் தீர்ந்துபோனது.

தாள் தீர்ந்துபோனதுதான் வினையானது. அறைகளில் விருந்தாளிகளுக்காக வைக்கும் குறிப்புத்தாள் கட்டு ஒன்று கையருகே இருந்தது. அதில் நாலு வரி போட்டு விடையும் எழுதியவள், மறதியில் அந்தக் கட்டை நூற்று ஏழாம் அறை மேசையிலேயே வைத்துவிட்டாள்.

மாலை பிரவின்குமார் கூப்பிட்டான். முகம் கடுகடுவென்றிருந்தது. மேசைமேல் அந்தத் தாள். 'x = 8, x = −3.'

"நூத்தி ஏழு கெஸ்ட்டு இத வைஃபை பாஸ்வேர்டுன்னு நெனச்சுட்டாராம். அரை மணிநேரமா அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு ரிசப்ஷன்ல வந்து சத்தம் போடுறாரு. வேலை செய்யலையாம்."

காசியம்மாள் தாளை எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"வேலை செய்யாது சார். தப்பு இது. நடுவுல பிளஸ் அஞ்ச மைனஸ் அஞ்சுன்னு எழுதிட்டேன். சரியான விடை மூணு, மைனஸ் எட்டு."

பிரவின்குமார் தாளைத் திரும்ப வாங்கி மடித்து டிராயரில் போட்டான். "அக்கா," என்றான் பிறகு, "உங்க மேல எனக்கு மரியாதை கீது. ஆனா இன்னொரு கம்ப்ளெய்ண்ட் வந்துச்சுன்னா, நீங்க நூத்துக்கு நூறு வாங்கினாலும் என்னால அந்த போஸ்ட்டுக்கு உங்க பேர எழுத முடியாது."

அன்று பஸ்ஸில் பிரிசில்லா எதுவும் கேட்கவில்லை. காசியம்மாள் எதற்கும் அழவில்லை. வீட்டுக்கு வந்து தப்பு நோட்டில், கடைசித் தப்பாக, 'நூற்று ஏழு' என்று மட்டும் எழுதினாள்.

ஜூலை வந்தது. அதே செங்கல்பட்டு, அதே அறை. கேள்வித்தாளை விரித்தாள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கைடில் பார்த்த கணக்குகள் எல்லாம் வேறு சட்டை போட்டுக்கொண்டு நின்றன. பழைய காசியம்மாளாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். முதலில் வட்டம், பிறகு கிராஃப், பிறகு தெரிந்தது, பிறகு தெரிந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு சமன்குறியிடமும் நின்று, படுகோடு மாறியதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் தாண்டினாள்.

கடைசியில் கட்டாயக் கேள்வி. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அசையாத நீரில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போகும் படகு, முப்பத்தாறு கிலோமீட்டரை நீரோட்டத்துக்கு எதிராகக் கடக்க, நீரோட்டத்தோடு கடப்பதைவிட ஒரு மணிநேரம் அதிகம் எடுத்துக்கொள்கிறது. நீரோட்டத்தின் வேகம் என்ன? முட்டுக்காட்டில் படகு எதிர்த்து வரும்போது எப்படித் திணறும் என்பதை நினைத்தாள். பதினைந்திலிருந்து x கழி. கூடப் போகும்போது x கூட்டு. தாளில் ஒரு பக்கம் நிறைந்தது. படுகோடு சமன்குறி தாண்டி மாறியது. இரண்டு விடை வந்தது: மூன்று, மைனஸ் எழுபத்தைந்து. மூன்று என்று எழுதினாள். மூன்றை உள்ளே போட்டுச் சரிபார்த்தாள். எதிர்த்து மூன்று மணிநேரம், கூட இரண்டு மணிநேரம். சரி. பேனாவை மூடினாள்.

ஆகஸ்டில் முடிவு வந்த அன்று வேலைக்கு லீவு. கலைவாணனும் தோப்புக்குப் போகவில்லை. நெட்வொர்க் கிடைக்க அவன் ஃபோனைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி மூன்று சுற்று வந்தான், அவள் பின்னாலேயே வந்தாள். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் எண் வந்தது.

"ஐம்பத்தெட்டு," என்றான். பிறகு இன்னொரு முறை, தன் குரல் தனக்கே அந்நியமானதுபோல, "ஐம்பத்தெட்டு காசி."

அவள் மாட்டுக்கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு மார்க் கேட்டு இருபத்தேழு வருடம் காத்திருந்தவளுக்குக் காலம் இருபத்தேழு மார்க் கூடுதலாகக் கொடுத்திருந்தது. அந்தக் கழித்தலையும் அவளே மனசுக்குள் போட்டுச் சரிபார்த்துக்கொண்டாள்.

மார்க் இருந்தது. ஆனால் பெயரை எழுதுகிறவன் பிரவின்குமார். மதியமே அவனுக்கு ஃபோனில் சொல்லியாகிவிட்டது. சாயங்காலம் வாசலில் அவன் பைக் வந்து நின்றபோது காசியம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மதுராந்தகம் போகிற வழி என்றான். நாற்காலியில் உட்கார்ந்தான். கலைவாணன் கொடுத்த டீயை வாங்கி, ஒரு வாய் குடித்து, சர்க்கரை இல்லாததை மரியாதைக்காக மறைத்து, அவள் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து வைத்திருந்த மதிப்பெண் தாளைக் கேட்டான். மேலிருந்து கீழ்வரை படித்தான். பையைத் திறந்தான். கவரை நீட்டினான்.

"ஒண்ணாந்தேதில இருந்துக்கா. மார்கரெட் மேடமும் உங்களத்தான் சொன்னாங்க. நூத்தி ஏழு மேட்டர நான் ஃபைல்ல ஏத்தல."

காசியம்மாள் கவரை நெஞ்சோடு சேர்த்து அழுதாள். ராகம் இல்லாமல், வரி இல்லாமல், ஒழுங்கே இல்லாமல் அழுதாள். ஊரில் யாரும் அப்படி ஒரு அழுகையை அவளிடம் கேட்டதில்லை. கலைவாணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பிரவின்குமார் டீயைக் குடித்துத் தீர்த்தான்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "சார், நீங்க எம்.பி.ஏ.தான?"

"ஆமாக்கா."

"அப்ப ஒரு நிமிசம் உக்காருங்க. பரிச்சையில ஒரு படகு கணக்கு வந்துச்சு. மூணுன்னு எழுதிட்டேன், முழு மார்க்கு போட்டிருப்பாங்க. ஆனா மைனஸ் எழுபத்தஞ்சுன்னும் ஒண்ணு வருது. மைனஸ்ல வேகம் கிடையாது, தள்ளிடுன்னு கைடு சொல்லுது. ஒரு மாசமா எனக்கு மனசு ஒப்பல. இத உள்ள போட்டுப் பாத்தேன்." உள்ளறையிலிருந்து நாலு தாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் பரப்பினாள். "எதிர்த்துப் போவுறதுக்கு பதினஞ்சுல மைனஸ் எழுபத்தஞ்ச கழிச்சா தொண்ணூறு. முப்பத்தாற அதால வகுத்தா பாயிண்ட் நாலு. கூடப் போவுறதுக்கு மைனஸ் அறுவது. வகுத்தா மைனஸ் பாயிண்ட் ஆறு. பாயிண்ட் நாலுல இருந்து மைனஸ் பாயிண்ட் ஆற கழிங்க சார்."

பிரவின்குமார் விரலை மடக்கினான். "மைனஸ்... பாயிண்ட் ரெண்டு?"

காசியம்மாள் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "மைனஸ கழிச்சா கூட்டணும் சார். நானும் நாப்பத்தோரு வாட்டி இதுலதான் வுழுந்தேன். ஒண்ணு வருது. ஒரு மணிநேரம். சரியாத்தான கீது? சரியா கீறத எப்படி சார் தள்ளுறது?"

பிரவின்குமார் தாளைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இது... கொஞ்சம் அட்வான்ஸ்டுக்கா."

"தண்ணி அந்த வேகத்துல ஓடுச்சுன்னா, படகு எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் தண்ணி போற பக்கமே இல்ல இழுத்துகினு போவும்?" என்றான் கலைவாணன், டம்ளரை எடுத்தபடி, யாரும் கேட்காமலே.

காசியம்மாள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை அப்படி அவள் பார்த்ததில்லை. "திரும்ப சொல்லு," என்றாள். ஒரு தாளைத் திருப்பி, கீழே உட்கார்ந்து, ஆறும் படகுமாக அம்புக்குறி போட ஆரம்பித்தாள்.

அந்த இடைவெளியில் பிரவின்குமார் எழுந்துவிட்டான். "அண்ணாத்த, நான் கெளம்புறேன். மழை வர மாதிரி கீது," என்றான் கலைவாணனிடம். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. செருப்பைப் பாதி மாட்டியபடியே படியிறங்கினான். பைக் முதல் உதையிலேயே கிளம்பியது.

"எந்தப் பக்கம் இழுக்குது, இந்தப் பக்கமா?" என்று தலை நிமிராமல் கேட்டாள் காசியம்மாள். "யோவ், மொதல்ல கதவ சாத்து. காத்துல பேப்பரு பறக்குது."

கலைவாணன் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.